நான் பந்தியைச் சீர்திருத்திய கதை

என்னால் நின்றுபோக இருந்த கல்யாணங்கள் மொத்தம் ஒன்றுதான். அது என் சொந்தத் தங்கச்சியுடையது. எண்ணிக்கை ஒன்றோடு நின்றதற்கு என் நல்ல புத்திதான் காரணம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் என்னைச் சாப்பாட்டுப் பந்தல் பக்கமே விடுவதில்லை. வாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்திவிடுவார்கள். அதிலும் கையில் கடிகாரம் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள்.

எண்பதுகளின் ஆரம்பம். எனக்கு இருபத்தாறு வயது. அப்பா குள்ளஞ்சாவடிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து நெய்வேலிக்கு வந்து, சுரங்கத்தில் பெர்மனன்ட் ஆகி, எங்களுக்கு டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸும் வாசலில் ஒரு பலாமரமும் சம்பாதித்து வைத்திருந்தார். நான் டிப்ளமோ முடித்து அதே சுரங்கத்தில் ஒர்க் ஸ்டடி பிரிவில் சேர்ந்திருந்தேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஐந்து பேர், இரண்டு ஸ்டாப்வாட்ச், ஒரு மின்விசிறி. ஒருவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று, எந்த அசைவுக்கு எத்தனை நொடி என்று எழுத வேண்டும். எது தேவை, எது வீண் என்று பிரித்து, வீணானதை வெட்டிவிடச் சொல்ல வேண்டும். சுருக்கமாக, வேலை செய்யாத ஒருவன் வேலை செய்கிறவருக்கு வேலை செய்யக் கற்றுக்கொடுக்கிற வேலை.

எங்கள் பிரிவின் தலைவர் சுப்பையா சார், கோவில்பட்டிக்காரர். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். வேலை முறைகளைச் சீர்ப்படுத்துவது பற்றிய உயர்நிலைப் பயிற்சி. பம்பாயில் மூன்று மாதம். எங்கள் பிரிவுக்கு ஒரே ஓர் இடம். "உம்ம பேரத்தான் போட்டிருக்கேன். ஆனா ஒண்ணு வேய், சும்மா ஏறி ரயில்ல உக்கார முடியாது. இங்கேயே தயாராகணும்" என்றார்.

தயாராவது என்றால் இதுதான்: பயிற்சிக்கு வருகிறவர் ஏதாவது ஒரு வேலையைத் தானே நேரில் ஆராய வேண்டும். அதிலுள்ள வீணை நீக்கிப் புதிய முறையில் நடத்திக் காட்ட வேண்டும். முன்பு எவ்வளவு நேரம், பின்பு எவ்வளவு நேரம் என்று அறிக்கை எழுத வேண்டும். கடைசிப் பக்கத்தில், அந்த வேலையால் பயனடைந்த ஒருவர் தன் கைப்படக் கருத்து எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஆறு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அறிக்கை சார் மேஜையில் இல்லையென்றால் அந்த இடம் வேறு ஊர்க்காரருக்குப் போய்விடும்.

நான் உடனே தயாரானேன். அதாவது, ஒரு சூட்கேஸ் வாங்கினேன். ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். (பம்பாயில் குளிரும் என்று யாரோ சொன்னதை நம்பி. சொன்னவர் பம்பாய் போனதில்லை.) எங்கள் பிளாக்கில் பால் வாங்க நிற்கிறவர்கள் வரைக்கும் விஷயத்தைச் சொல்லி முடித்தேன். அப்பா எனக்கு மேல். முதல் ஷிப்டுக்குப் போகும் பஸ்ஸில் தினமும் யாராவது ஒருவரிடம், "நம்ம பையன கவர்மென்ட்டே பம்பாய்க்குக் கூப்புடுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆராய்ச்சி மட்டும்தான் பாக்கி.

சுரங்கத்தில் நிலக்கரி சுமந்துபோகும் பெல்ட்டுக்கு ஜாயின்ட் போடும் ஆட்களிடம் போனேன். அவர்களில் மூத்தவர் கோவிந்தசாமி அண்ணன், அப்பாவின் சிநேகிதர். நான் ஸ்டாப்வாட்சை எடுத்ததும் அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். தோளிலிருந்த துண்டை உதறினார். ஸ்பேனரை எடுத்துக் குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டுவது போலத் துடைக்க ஆரம்பித்தார்.

"எழுதிக்கினியா தம்பி?"

"என்னத்தண்ணே எழுதறது?"

"ஸ்பேனர தொடச்சேன்னு எழுதிக்க. ஆறு நிமிஷம்."

"தெனமும் இப்படியாண்ணே தொடைப்பீங்க?"

"நீ வர அன்னிக்கெல்லாம் தொடைப்பேன்."

வேறு இடங்களிலும் இதே மரியாதைதான். ஸ்டாப்வாட்சைக் கண்டால் யாருக்கும் பிடிக்காது. நேரத்தை எழுதிக்கொண்டு போகிறவன் நாளைக்கு ஆளைக் குறைப்பான் என்ற பயம். அது நியாயமான பயம் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அவர்கள் மேல் கோபம்தான் வந்தது. இப்படியே நாலு வாரம் போய்விட்டது.

இதற்கிடையில் வீட்டில் தங்கச்சி வசந்தாவுக்கு வரன் கூடிவந்திருந்தது. மாப்பிள்ளை மேல்பட்டாம்பாக்கம், கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. நல்ல பையன். வசந்தாவுக்கும் பிடித்திருந்தது. (கேட்டதற்கு, "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, ஜாக்கெட் தைக்கக் கொடுக்க அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டாள்.) நிச்சயதார்த்தம் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலிலேயே சாமியானா போட்டு நடத்துவதாக ஏற்பாடு. தேதி, என் திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறு.

அதற்கு ஒரு வாரம் முன்னால் குள்ளஞ்சாவடியில் சித்தப்பா வீட்டுக் காதுகுத்து. சாப்பிட உட்கார்ந்தேன். என் இலைக்கு ரசம் வர நேரமானது. ஏன் நேரமாகிறது என்று எட்டிப் பார்த்தபோதுதான் என் மூளையில் விளக்கு எரிந்தது. ஆராய்வதற்கு ஒரு வேலை, அதுவும் ஸ்டாப்வாட்சைக் கண்டு யாரும் ஸ்பேனரைத் துடைக்காத வேலை, என் கண் முன்னாலேயே நடந்துகொண்டிருக்கிறது. பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து அடுத்த பந்தியை முழுசாக அளந்தேன். இலை போட்டதிலிருந்து எழுந்தது வரை நாற்பத்திரண்டு நிமிடம்.

அன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து படம் வரைந்தேன். வட்டம் என்றால் வேலை, அம்பு என்றால் நடை. வரைந்து முடித்ததும் வீண் எங்கே இருக்கிறது என்று பளிச்சென்று தெரிந்தது. வடை வாளியோடு ஒருவர் வருகிறார். "வட வெக்கட்டுங்களா?" சாப்பிடுகிறவர் இலைக்கு மேல் கையை நீட்டி மறைத்து, "வேணாங்க." "ஒண்ணே ஒண்ணுங்க." "ஐயோ, போதுங்க." "நல்லாருக்குங்க, வெச்சிக்கங்க." "சரி, ஒண்ணு." வைப்பது இரண்டு. ஒவ்வொரு இலையிலும், ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் இந்தக் கச்சேரி. மூன்று தடவை கேட்பது, இரண்டு தடவை மறுப்பது. வடையை வைக்க ஆகிற நேரத்தைவிட வேண்டாம் என்று சொல்ல ஆகிற நேரம் மூன்று மடங்கு. நான் அந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டு, 'நீக்குக' என்று எழுதினேன்.

அம்மாவிடம் என் திட்டத்தைச் சொன்னேன். அம்மா முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா சொல்ற? ஒருவாட்டி கேட்டுட்டு அப்பிடியே போயிடறதா? வந்தவங்க இன்னா நெனைப்பாங்க?"

"அம்மா, வேணாம்னு சொல்றவரு வளந்த மனுஷர். அவர் வயிறு அவருக்குத் தெரியும். அவரப் போயி மறுபடி மறுபடி கேக்கறதுதான் மரியாதக் கொறச்சல்."

பூ கட்டிக்கொண்டிருந்த வசந்தா நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இதெல்லாம் புக்குல போட்டிருக்காண்ணா?" என்றாள். போட்டிருக்கிறது என்றேன். (போட்டிருந்தது இரும்புப் பட்டறையைப் பற்றி.) அப்பா மட்டும், "வுடு, அவன் படிச்சவன். பம்பாய் போற பையன். ஏதோ பண்றான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பந்திப் பொறுப்பு முழுக்க என் கைக்கு வந்தது.

பரிமாற எங்கள் பிளாக் சிநேகிதர்கள் எட்டுப் பேர். சனிக்கிழமை அவர்களைக் காலி வாளியோடு சாமியானாவுக்குள் நடக்கவிட்டுப் பயிற்சி கொடுத்தேன். சட்டம் மூன்று. ஒரு தடவைதான் கேட்க வேண்டும். கை இலையை மறைத்தால் பதில் பேசாமல் அடுத்த இலைக்குப் போக வேண்டும். நான் விசில் ஊதினால் அடுத்த பதார்த்தம். ஒருவன், "பாயசத்துக்கும் ஒருவாட்டிதானாடா?" என்று சந்தேகம் கேட்டான். பாயசத்துக்குத் தனிச் சட்டம் கிடையாது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை வீட்டார் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு வேனில் நாற்பது பேர் வந்து இறங்கினார்கள். எமகண்டம் கழிந்து ஒன்றரைக்கு மேல் இரண்டரைக்குள் தட்டு மாற்ற வேண்டும். காலையிலேயே கிளம்பி வந்தவர்கள் என்பதால் முதலில் சாப்பாடு, பிறகு தட்டு என்று பேச்சு. அவர்கள் பக்கத்தில் எல்லாமே மாப்பிள்ளையின் பெரியப்பா ராமலிங்கம்தான். கரும்பு விவசாயி, வாட்டசாட்டமான ஆள், வெள்ளை மீசை. அவர் தலையசைத்தால்தான் அந்த வீட்டில் அடுப்பே எரியும் என்று தரகர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். பந்திப்பாயில் முதல் இலை அவருக்கு.

பன்னிரண்டு மணிக்கு நான் பந்தி முனையில் நின்றேன். கழுத்தில் விசில், இடது கையில் நோட்டு, வலது கையில் ஸ்டாப்வாட்ச், காதில் பேனா. விசில் ஊதினேன்.

அருமையாக நடந்தது. இதை நான் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். வடை வாளி பெரியப்பாவிடம் வந்தது. "வட வெக்கட்டுங்களா?" அவர் வழக்கம்போலக் கையை நீட்டி, முகத்தில் ஒரு மரியாதைச் சிரிப்போடு, "வேணாம்ப்பா" என்றார். வாளி போய்விட்டது. அவர் கை அங்கேயே இருந்தது. இரண்டாவது கேள்விக்காகக் காத்திருந்த கை அது. அது வராததால், அந்தக் கை எப்போது கீழே இறங்குவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு அவர் வாளியின் முதுகைப் பார்த்தார். அது அதற்குள் நாலு இலை தாண்டியிருந்தது. அந்த நாலு இலைக்கு மேலேயும் நாலு கைகள் அப்படியே நின்றன.

கூட்டு, பொரியல், இரண்டாம் சாதம், அப்பளம். எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி, ஒரு 'வேணாம்', ஒரு விசில். நான் ஒவ்வொரு இலையாகப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் பாயசம். முந்திரி மிதக்கும் சேமியாப் பாயசம், நெய்வேலி முந்திரிக்குக் கேட்கவா வேண்டும். பெரியப்பாவின் கண் அது பந்திக்குள் நுழைந்ததிலிருந்து அதன் மேலேயே இருந்தது. ஆனால் பழக்கம் விடுமா? பக்கத்தில் வந்ததும் கை தானாக நீண்டது. "வேணாம்." என் சிநேகிதன் நான் சொல்லிக்கொடுத்தபடியே பணிவாகத் தலையசைத்துவிட்டு நகர்ந்தான்.

பத்தொன்பது நிமிடம். நாற்பத்திரண்டிலிருந்து பத்தொன்பது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பம்பாய் ரயிலின் ஜன்னல் சீட்டில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

அவர்கள் எழுந்தார்கள், கை கழுவினார்கள், வெற்றிலைத் தட்டை யாரும் தொடவில்லை. வேன் பக்கத்தில் போய்க் கூட்டமாக நின்றார்கள். வயிறு நிறைந்தவர்கள் காற்றாட நிற்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். நேராகப் பெரியப்பாவிடம் போய், அறிக்கையின் கடைசிப் பக்கத்தையும் பேனாவையும் நீட்டினேன்.

"மாமா, பந்தி எப்படியிருந்துதுன்னு ஒங்க கைப்பட எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அவர் தாளைப் பார்த்தார். கழுத்திலிருந்த விசிலைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார்.

"நாங்க துன்னுக்கினு இருந்தப்ப, நின்னுக்கினு எழுதினியே, இன்னாப்பா எழுதின?"

"யார் எத சாப்ட்டாங்க, எவ்ளோ நேரமாச்சின்னு மாமா."

சுற்றி நின்ற நாற்பது பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"அப்ப நா எவ்ளோ பாயசம் சாப்ட்டேன்னு அதுல இருக்குமில்ல? பாத்துச் சொல்லு."

நான் பக்கத்தைப் புரட்டி, முதல் இலையைத் தேடி, உள்ளது உள்ளபடி சொன்னேன். "நீங்க சாப்டலைங்க மாமா. வேணாம்னு சொல்லிட்டீங்க."

"ஒருவாட்டிதானப்பா சொன்னேன்."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் குரலில் இருந்தது வருத்தம். பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருத்தி, "பொண்ணு குடுக்கறதுக்கு முன்னயே எல எலயா எண்ணி எழுதுறாங்களே, இன்னா குடும்பம்" என்றாள். இன்னொருவர் வேன் டிரைவரைத் தேடினார்.

அப்பா ஓடிவந்தார். "சம்பந்தி, அவன் ஏதோ வேல விஷயமா..." என்றார். ஷிப்டு பஸ் முழுக்க என்னைப் பற்றிப் பெருமை பேசிய மனிதர், கை கட்டி நின்றார். ஜன்னலில் வசந்தா, பட்டுப் புடவையும் தலை நிறையப் பூவுமாக, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் பம்பாய், சூட்கேஸ், பத்தொன்பது நிமிடம் எல்லாம் என் தலையிலிருந்து இறங்கின. என் தங்கச்சி வாழ்க்கையில் போய்ச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுவிட்டேன் என்று புரிந்தது. அழுகை வந்தது. விசில் கழுத்தில் தொங்க அழுவது நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டேன்.

ஜன்னலில் வசந்தாவைக் காணவில்லை. அடுத்த நிமிடம் வாசலில் வந்தாள். ஒரு கையில் பாயசத் தூக்கு, மறு கையில் டம்ளர். தட்டு மாற்றுவதற்கு முன்னால் பெண் இப்படித் தெருவுக்கு வருவது எங்கள் வழக்கத்திலேயே கிடையாது. அம்மா, "அடியே" என்றது பாதியில் நின்றது. வசந்தா நேராகப் பெரியப்பா முன்னால் போய் நின்றாள்.

"பாயசம் சாப்டுங்க மாமா."

"வேணாம்மா."

"கொஞ்சம் சாப்டுங்க மாமா."

"வேணாம்மா, நேரமாச்சி."

"எனக்காக ஒரு வாய் சாப்டுங்க."

அவர் அவளைப் பார்த்தார். நாற்பது பேரும் அவரைப் பார்த்தார்கள். மீசையை ஒரு தடவை நீவிக்கொண்டார்.

"சரி. கொஞ்சமா ஊத்து."

நிறைய ஊற்றினாள். அவர் நின்றபடியே குடித்துவிட்டு டம்ளரைத் திரும்ப நீட்டினார். அப்புறம் வேன் பக்கம் திரும்பி, "இன்னா நின்னுக்கினு? எல போடச் சொல்றாங்க, வந்து உக்காருங்க" என்றார். யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அடுத்த நொடியே இலை போட்டோம்.

அந்த இரண்டாம் பந்திக்கு வடை வாளி என் கையில். அப்பாவின் உத்தரவு. நாற்பது இலையிலும், ஒவ்வொன்றுக்கும், மூன்று மூன்று தடவை கெஞ்சினேன். சிலர் வேண்டுமென்றே ஐந்து தடவை மறுத்தார்கள். மாப்பிள்ளையின் தம்பி ஏழாவது தடவைதான் கையை எடுத்தான். சுரங்கத்தில் இரண்டு மணி ஷிப்டுச் சங்கு ஊதியபோது பெரியப்பா இன்னொரு அப்பளம் கேட்டார். இரண்டு இருபதுக்குத் தட்டு மாற்றினார்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று நான் அளக்கவில்லை. ஸ்டாப்வாட்சை அம்மா அரிசி டிரம்முக்குள் போட்டு மூடியிருந்தாள்.

வேன் கிளம்பும்போது பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "அந்தக் கையெழுத்துக் கேட்டியே, எடுத்துக்கினு வா." நான் வேண்டாம் மாமா என்றேன். "எடுத்துக்கினு வான்றன்" என்றார். வேன் படியில் உட்கார்ந்து, தொடை மேல் தாளை வைத்து, எழுத்துக் கூட்டி எழுதினார்: 'சாப்பாடு ருசி. முதல் தடவை சீக்கிரம் முடிந்தது, நாங்கள் சாப்பிடவில்லை. இரண்டாம் தடவை நேரமாயிற்று, சாப்பிட்டோம்.' கீழே பெரிதாகக் கையெழுத்து.

வேறு அறிக்கை எழுத நேரமில்லை. திங்கட்கிழமை அதையே சுப்பையா சார் மேஜையில் வைத்துவிட்டு, சூட்கேஸை யாருக்கு விற்பது என்று யோசித்தபடி நின்றேன். சார் கடைசிப் பக்கத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி படித்தார். மேஜை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "ஒம்ம எடுப்பாங்களா மாட்டாங்களா தெரியல வேய். ஆனா இத நிச்சயமா கடைசி வரி வரைக்கும் படிப்பாங்க" என்று சொல்லி, பெரியப்பாவின் வரிகளுக்கு அடியில் அவற்றை ஆங்கிலத்தில் தானே மொழிபெயர்த்து எழுதி அனுப்பிவைத்தார்.

எடுத்துக்கொண்டார்கள். பம்பாய்க்குப் போனேன். (வேர்த்துக் கொட்டியது. ஸ்வெட்டர் தலையணையாக உதவியது.) மற்றவர்கள் கொண்டுவந்த அறிக்கைகளில் ரயில்வே யார்டும் உருக்கு உலையும் இருந்தன. முதல் நாள் வகுப்பில் வாத்தியார் சத்தமாகப் படித்தது என்னுடையதைத்தான். மூன்று மாதமும் அங்கே ஒருவருக்கும் என் பெயர் ஞாபகமில்லை. 'பாயசம்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

வசந்தாவுக்குக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பெரியப்பா இருந்தவரைக்கும், நான் மேல்பட்டாம்பாக்கம் போனால், "நோட்டு கொண்டாந்தியா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காரவே சொல்வார். அவர் போய்ப் பல வருஷமாகிவிட்டது. வசந்தாவுக்கே இப்போது பேரன் பேத்தி இருக்கிறார்கள்.

பொங்கலுக்குப் பொங்கல் அவள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துப் போடுவாள். கடைசியில் முந்திரி மிதக்கும் சேமியாப் பாயசத்தோடு என் இலைக்கு முன்னால் வந்து நிற்பாள். வீடே கையைத் துடைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கும்.

"பாயசம் ஊத்தட்டுமாண்ணா?"

இந்த வருஷம் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்துகொண்டுதான் வருகிறேன். ஆனாலும் வளர்ந்த விதம் அப்படி. கை தானாக இலையை மறைக்கிறது, வாய் தானாக "வேணாம்மா" என்கிறது.

"வளந்த மனுஷர். அவர் வயிறு அவருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த இலைக்குப் போய்விடுகிறாள். இதோ நாற்பது வருஷமாகிறது, என் தங்கச்சி வீட்டில் நான் பாயசம் சாப்பிட்டதே இல்லை.